மறந்ததும் மறக்கடிக்கப்பட்டதும்: போர்க்காலச் சிறார் அகதிகள் பற்றிய மூன்று நூல்களில் முதன்மொழி

1. நோக்கம்

குழந்தை ஒரு மொழியை எவ்வாறு கற்கிறது என்பது பற்றி மொழியியலார் மிகுதியாக எழுதியுள்ளனர். கற்ற மொழியைக் குழந்தை எவ்வாறு இழக்கிறது என்பது பற்றிய எழுத்து ஒப்புநோக்கக் குறைவே. இவ்விழப்பை இலக்கியமாக்கிய நூல்களுள் குறிப்பிடத்தக்கவை, போர்க்காலத்தில் பெற்றோரைப் பிரிந்து அயல்நாட்டுக்கு அனுப்பப்பட்ட சிறார் பற்றியவை. இவற்றை வாசிப்போர் பெரும்பாலும் ‘அக்குழந்தை தன் தாய்மொழியை மறந்தது’ என்னும் ஒரே தொடரில் அமைதி கொள்கின்றனர். அத்தொடரின் பயனிலை எளிதானதன்று. அதைத் தமிழில் பெயர்க்க முயலும்போதுதான் அதன் கடினம் வெளிப்படுகிறது.

1938–39இல் நாஜி ஆட்சிப் பகுதிகளிலிருந்து பிரித்தானியாவுக்கு அனுப்பப்பட்ட சிறார் பற்றிய மூன்று நூல்களை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. டபிள்யூ. ஜி. செபால்ட் செருமானிய மொழியில் எழுதிய ‘ஆஸ்டர்லிட்ஸ்’ (2001) முதன்மையாக ஆராயப்படுகிறது. லோர் செகல் ஆங்கிலத்தில் எழுதிய ‘பிறர் வீடுகள்’ (1964), கேரன் கெர்ஷன் தொகுத்த ‘குழந்தைகளாய் வந்தோம்’ (1966) ஆகியன ஒப்பீட்டிற்குக் கொள்ளப்படுகின்றன. மூன்றிலும் முதன்மொழி தன் இடத்தை இழக்கிறது. ஆயினும் மூன்றும் ஒரே நிகழ்வல்ல. இவ்வேறுபாட்டைக் காட்டாத மொழிபெயர்ப்பு, நூலின் பொருளையே மாற்றிவிடும் என்பது இங்கு நிறுவப்படும் கருத்தாகும்.

2. நிகழ்வும் அதன் பெயரும்

1938 நவம்பர் 9, 10 ஆகிய நாள்களில் செருமனியிலும் ஆஸ்திரியாவிலும் யூதர்கள்மீது நாடு தழுவிய வன்முறை ஏவப்பட்டது. அதனையடுத்து, பெற்றோர் உடன் வராத, பதினேழு வயதுக்கு உட்பட்ட சிறாரை ஏற்கப் பிரித்தானிய அரசு இசைந்தது. செலவைத் தனியாரும் அறநிறுவனங்களும் ஏற்கவேண்டும் என்பது ஏற்பாடு. முதற்குழு 1938 டிசம்பர் 2ஆம் நாள் ஹாரிச் துறைமுகத்தில் இறங்கியது. 1939 செப்டம்பரில் போர் தொடங்கியதும் செருமானிய எல்லையிலிருந்து தொடர்வண்டிகள் புறப்படுவது நின்றது. ஏறத்தாழ 10,000 சிறார் இவ்வாறு வந்து சேர்ந்தனர். அவர்களுள் மிகப் பலர் பெற்றோரை மீண்டும் காணவில்லை.

இந்நிகழ்வு ‘கிண்டர்டிரான்ஸ்போர்ட்’ என்னும் செருமானியச் சொல்லாலேயே ஆங்கிலத்திலும் வழங்குகிறது. ‘கிண்டர்’ என்பது குழந்தைகள். ‘டிரான்ஸ்போர்ட்’ என்பது கொண்டுசெல்லுதல். தமிழிலக்கணத்தார் இதனை உருபும் பயனும் உடன்தொக்க தொகையோடு ஒப்பிடுவர். யார் கொண்டுசென்றனர், எங்கிருந்து எங்கு, எதன்பொருட்டு என்பன அனைத்தும் தொகைக்குள் மறைந்துள்ளன. மேலும், மக்களை வதைமுகாம்களுக்கு ஏற்றிச் சென்ற வண்டித் தொகுதிகளையும் நாஜி ஆட்சியின் அலுவலகங்கள் ‘டிரான்ஸ்போர்ட்’ என்றே குறித்தன. உயிர் காத்த பயணத்திற்கும் உயிர் கொண்ட பயணத்திற்கும் ஒரே பெயர். குழந்தை ஒன்றில் ஏறியது. தாய் பின்னர் மற்றொன்றில் ஏற்றப்பட்டார்.

இச்சொல்லைத் தமிழாக்குவோர் முன் சில வழிகள் உள்ளன. ‘சிறார் போக்குவரத்து’ என்பது போக்குவரத்துக் கழகத்தை நினைவூட்டும். ‘குழந்தை வண்டி’ என்பது கைக்குழந்தையை வைத்துத் தள்ளும் வண்டியைக் குறித்துவிடும். ‘சிறார் வெளியேற்றம்’ என்பதில் வெளியேற்றியவர் காப்பாளரா பகைவரா என்பது தெளிவாகாது. குடியிருப்பவரை வீட்டைவிட்டு அகற்றுவதற்கும் தமிழில் இதே சொல் வழங்குகிறது. ஆகவே செருமானியச் சொல்லை ஒலிபெயர்த்து, முதல் வரவில் ஒரு தொடரால் விளக்கிச் செல்வதே தக்கது. சொல்லின் அயன்மை இங்குக் குறையன்று. அச்சிறாரின் காதுக்கும் அது அலுவலகச் சொல்லாகவே இருந்திருக்கும்.

‘அகதி’, ‘ஏதிலி’ என்னும் இரு தமிழ்ச் சொற்களும் இத்தகைய நூல்களின் மொழிபெயர்ப்பில் ஒன்றற்கொன்று மாற்றாகக் கருதப்படுவதுண்டு. முன்னது கதியற்றவர் என்னும் பொருளது. பின்னதன் அடியில் நிற்பது, திருக்குறள் முதலிய பழைய நூல்களில் அயலாரைக் குறிக்கும் ‘ஏதிலார்’ என்னும் சொல்லாகும். தன் ஊரில் பாதுகாப்பை இழந்த நிலையில் இக்குழந்தை அகதி. வளர்ப்பு வீட்டின் உணவு மேசையில் அது ஏதிலி. ஒரு சொல் இழந்ததைச் சுட்டுகிறது. மற்றொன்று வந்து சேர்ந்த இடத்தில் பெற்ற நிலையைச் சுட்டுகிறது. இரண்டையும் இடமறிந்து ஆளும் வாய்ப்பைத் தமிழ் தருகிறது.

3. ‘ஆஸ்டர்லிட்ஸ்’: கதவருகே ஒரு தொடர்

செபால்டின் நாயகர் ழாக் ஆஸ்டர்லிட்ஸ் பிராகு நகரில் பிறந்தவர். 1939 கோடையில், நாலரை வயதில், தாயால் தொடர்வண்டியில் ஏற்றிவிடப்பட்டவர். வேல்சிலுள்ள பாலா என்னும் சிற்றூரில் கால்வினியச் சமயப் போதகர் ஒருவரும் அவர் மனைவியும் அவரை வளர்க்கின்றனர். டாஃபித் இலையஸ் என்பது அவருக்கு இடப்பட்ட புதுப்பெயர். தம் உண்மைப் பெயரைப் பதினைந்தாம் வயதில், தேர்வுத்தாளில் எழுதவேண்டிய தேவை வந்தபோதுதான், பள்ளித் தலைமையாசிரியர் வாயிலாக அறிகிறார். எங்கிருந்து வந்தார் என்பதை அறிய மேலும் பல பத்தாண்டுகள் ஆகின்றன.

இந்நாவல் மொழியைப் பற்றிப் பேசும் இடங்கள் பல. கதைசொல்லி ஆஸ்டர்லிட்சை முதலில் சந்திப்பது 1967இல், ஆண்ட்வெர்ப்பில். இருவரும் பிரெஞ்சு மொழியில் உரையாடுகின்றனர். பின்னர் ஆங்கிலத்திற்கு மாறும்போது, பிரெஞ்சில் தடையின்றிப் பேசிய ஆஸ்டர்லிட்ஸ் திக்குவதைக் கதைசொல்லி கவனிக்கிறார். தாம் வளர்ந்த நாட்டின் மொழியில், தாம் கல்வி கற்ற மொழியில், அவருக்கு நா தடைப்படுகிறது. செக் மொழியின் இழப்பு வேறொரு மொழியின் பேச்சில் வடுவாக நிற்பதை நாவல் மிகச் சிக்கனமாகக் காட்டும் இடம் இது.

வளர்ப்புத் தந்தையின் வாழ்விலும் ஓர் இழப்பு உண்டு. அவர் பிறந்த வீடு, 1888இல் வர்ன்வி நீர்த்தேக்கத்தில் மூழ்கிய ஊரில் இருந்தது. அவ்வூர் மக்கள் நீருக்கடியில் இன்னும் நடமாடுவதாகச் சிறுவன் எண்ணிக்கொள்கிறான். மொழியிழப்பைப் பற்றிய எளிய உருவகமாக இதனை வாசிப்பது இயல்பு. ஆயினும் வளர்ப்புப் பெற்றோரைக் கொடியவராகக் காட்ட நாவல் முயலவில்லை என்பதற்கும் இது சான்று. தம் ஊரை இழந்த ஒருவரே, தம்மை அறியாமல், இன்னொரு குழந்தையின் ஊரை மூழ்கடிக்கிறார்.

நாவலின் மையக்காட்சி பிராகு நகரில் நிகழ்கிறது. அறுபது வயதை எட்டிய ஆஸ்டர்லிட்ஸ், தாய் வாழ்ந்த முகவரியை ஆவணக் காப்பகத்தில் கண்டறிந்து, அவ்வீட்டின் மணியை அடிக்கிறார். கதவைத் திறப்பவர், குழந்தைப் பருவத்தில் தம்மைப் பார்த்துக்கொண்ட வெரா. அன்று காலை முயன்று மனப்பாடம் செய்த ஒரு செக் தொடரை ஆஸ்டர்லிட்ஸ் அவரிடம் ஒப்பிக்கிறார். தொந்தரவுக்கு மன்னிப்புக் கேட்டு, இன்ன பெயருடைய அம்மையார் இங்கு வாழ்ந்தாரா என வினவும் தொடர் அது. சுற்றுலாப் பயணியின் செக். தம் தாயின் வீட்டு வாசலில் அவர் அயலாராகவே பேசுகிறார். வெரா அவரை அடையாளம் கண்டு, தாம் அக்குழந்தையிடம் அன்று பேசிப் பழகிய பிரெஞ்சு மொழியில் விடையளிக்கிறார். பேச்சினூடே வெரா தம்மை அறியாமல் செக் மொழிக்கு மாற, அதுவரை அம்மொழியின் ஒரு சொல்லும் நினைவிலில்லாத ஆஸ்டர்லிட்சுக்கு அனைத்தும் விளங்கத் தொடங்குகிறது. செவிடருக்குக் கேள்வி திரும்பியது போன்ற அற்புதமாக நாவல் இதனைக் கூறுகிறது.

இக்காட்சியை ‘மறந்த மொழி திரும்பி வந்தது’ என்று சுருக்குவது தவறாகும். திரும்பி வந்தது கேட்டறியும் திறன். பேசும் திறன் வந்ததாக இக்காட்சி கூறவில்லை. பேச்சாக நாம் காண்பது அந்த மனப்பாடத் தொடரே. அறிந்துகொள்ளுதல், வெளிப்படுத்துதல் என்னும் இரு திறன்களும் ஒரே அளவில் தேய்வதில்லை என்பது மொழித்தேய்வு ஆய்வில் நன்கறியப்பட்ட செய்தி. செபால்ட் இவ்வேறுபாட்டைக் கோட்பாடாகச் சொல்லாமல் காட்சி அமைப்பிலேயே வைத்துள்ளார்.

குறையாகக் கூறத்தக்கதும் ஒன்றுண்டு. நாலரை வயதுக் குழந்தையின் சொற்களஞ்சியம் வீடு, உணவு, விலங்கு, விளையாட்டு ஆகியவற்றைச் சுற்றியது. அதன்பின் வெரா கூறுபவையோ ஆக்கிரமிப்பின்போது பிறப்பிக்கப்பட்ட ஆணைகள், பறிமுதல்கள், தாய் தெரேசியன்ஸ்டாட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்ட முறை ஆகியன. இச்சொற்களை அக்குழந்தை ஒருபோதும் கற்றதில்லை. மழலை அளவில் உறைந்த ஒரு மொழி, முதியவரின் வரலாற்றுப் பேச்சை எவ்வாறு தாங்கும் என்னும் வினாவை நாவல் எழுப்பாமல் கடந்துவிடுகிறது. வெரா பிரெஞ்சிலும் பேசுகிறார் என்பது ஓரளவு சமாதானமாகலாம், முழு விடையாகாது. மாறாக, நாவலில் செக் மொழியிலேயே தரப்படும் ஒரு வினா மிகப் பொருத்தமானது. பனி மூடியபின் அணில்கள் தாம் ஒளித்த உணவை எவ்வாறு கண்டறிகின்றன என்பது அது. சிறுவனாய் இருந்தபோது கேட்ட அவ்வினாவுக்கு அவன் அறிந்த சொற்களே போதுமானவை.

4. ஆய்வுகள் காட்டுவது

இக்காட்சியை மொழியியல் சான்றாகக் கொள்ளலாமா? 2003இல் பாலியேயும் அவர்தம் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு, மூன்று முதல் எட்டு வயதுக்குள் கொரியாவிலிருந்து பிரான்சுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டு வளர்ந்தவர்களைச் சோதித்தது. கொரிய மொழித் தொடர்களைப் பிறமொழித் தொடர்களிலிருந்து இனங்காண்பதில் அவர்கள் பிரெஞ்சு மட்டுமே அறிந்தோரைவிட மேம்பட்டிருக்கவில்லை. மூளைப் படப்பதிவிலும் கொரிய மொழிக்குத் தனியான துலங்கல் காணப்படவில்லை. அவ்வயதில் தத்தெடுக்கப்பட்டோரிடமே இந்நிலை எனில், நாலரை வயதில் பிரிந்தவர் ஐம்பதாண்டுக்குப்பின் ஒரு கணத்தில் புரிந்துகொள்வது இம்முடிவுக்கு நேர்மாறானது.

ஆனால் பின்வந்த ஆய்வுகள் இம்முடிவை முழுமையாக விட்டுவைக்கவில்லை. 2014இல் வெளியான மாண்ட்ரியல் ஆய்வில், ஏறத்தாழ ஒரு வயதில் சீனாவிலிருந்து தத்தெடுக்கப்பட்டுப் பிரெஞ்சு மட்டுமே பேசி வளர்ந்த சிறார், சீன மொழியின் தொனி வேறுபாடுகளைக் கேட்டபோது, அவர்களது மூளையின் துலங்கல் சீனம் அறிந்தோருடையதை ஒத்திருந்தது. அவர்களுக்கு அம்மொழியின் ஒரு சொல்லும் தெரியாது. 2017இல் சோய், புரோயர்ஸ்மா, கட்லர் ஆகியோர், நெதர்லாந்தில் வளர்ந்த கொரியத் தத்துப் பிள்ளைகள் கொரிய ஒலிகளை மீளக் கற்கும்போது பிறரைவிடச் சிறந்து விளங்குவதைக் காட்டினர்.

இவற்றை ஒருங்கே நோக்கினால் ஒரு பகுப்புப் புலனாகும். உடனடியாக நினைவுகூர்தல் வேறு. மீளக் கற்கும்போது வெளிப்படும் சுவடு வேறு. முதலாவது அழிந்த நிலையிலும் இரண்டாவது எஞ்சலாம். நாவல் இரண்டாவதை முதலாவதன் வடிவில் காட்டுகிறது. மாதக்கணக்கில் நிகழத்தக்கதை ஒரு பிற்பகலில் நிகழ்த்துகிறது. இது இலக்கியத்துக்கு உரிய சுருக்கம். ஆகவே ஆஸ்டர்லிட்ஸ் மொழித்தேய்வுக்கு ஓர் எடுத்துக்காட்டு என வகுப்பில் காட்டப்படுமாயின், இச்சுருக்கமும் உடன் சுட்டப்பட வேண்டும்.

தத்துப் பிள்ளைகளுக்கும் போர்க்காலச் சிறாருக்கும் இடையே மற்றொரு வேறுபாடும் உண்டு. அதனை மோனிகா ஷ்மிட்டின் 2002ஆம் ஆண்டு நூல் வெளிக்கொணர்ந்தது. நாஜிக் காலத்தில் டூசல்டார்ஃப் நகரிலிருந்து ஆங்கிலம் பேசும் நாடுகளுக்குச் சென்ற யூதர்களின் செருமானியப் பேச்சை அவர் ஆராய்ந்தார். பிரியும்போது இருந்த வயதைவிட, பிரிந்தபின் கழிந்த ஆண்டுகளைவிட, பிரியுமுன் பட்ட துன்பத்தின் அளவே தேய்வை மிகுதியாக விளக்கியது. 1938 நவம்பர் வன்முறைக்குப்பின் வெளியேறியோரிடம் செருமானியம் மிகுதியாகத் தேய்ந்திருந்தது. அவர்கள் பதின்ம வயதிலோ அதன்பின்னரோ வெளியேறியவர்கள். மொழியை முழுமையாகப் பெற்றபின் பிரிந்தவர்கள். எனவே அங்கு நிகழ்ந்தது வெறும் நினைவுத் தேய்வன்று. அம்மொழியோடு தம்மை இணைத்துக்கொள்ள விரும்பாமை அதில் பெரும்பங்கு வகிக்கிறது.

இம்முடிவை ஆஸ்டர்லிட்சுக்கு அப்படியே பொருத்துவது ஒரு வழுவாகும். அவர் இழந்தது செக்; அது கொடுமை செய்தோரின் மொழியன்று. விலக்குவதற்குரிய பகைமொழி அவருக்குச் செருமானியமே. அதனை அவர் நன்கறியார். தாயின் கதியை அறிய, எச். ஜி. அட்லர் தெரேசியன்ஸ்டாட் குறித்து 1955இல் வெளியிட்ட பெருநூலை அவர் அசையசையாகப் படித்துத் திணறுகிறார். அகராதியில் இடம்பெறாத நீண்ட அலுவலகத் தொகைச் சொற்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பொருள் காண்கிறார். தாயின் மொழியை இழந்தவர், தாயின் முடிவைக் கொன்றவர்களின் மொழியில் எழுத்துக்கூட்டிப் படிக்கிறார். ‘கிண்டர்டிரான்ஸ்போர்ட்’ என்னும் தொகையும் அச்சொற்களின் இனத்தைச் சேர்ந்ததே.

5. செகலும் கெர்ஷனும்

லோர் செகல் 1928இல் வியன்னாவில் பிறந்தவர். 1938 டிசம்பரில், பத்து வயதில், இங்கிலாந்து சென்றார். ‘பிறர் வீடுகள்’ அவர்தம் வாழ்க்கையைத் தழுவிய நாவல். வெவ்வேறு வர்க்கங்களைச் சேர்ந்த பல குடும்பங்களின் வீடுகளில் ஒரு சிறுமி தங்கி வளர்வதை அது கூறுகிறது. பெற்றோருக்கு நுழைவு அனுமதி வேண்டி அச்சிறுமி கடிதங்கள் எழுதுகிறாள். செகலின் வாழ்வில் அக்கடிதங்கள் பயனளித்தன. பெற்றோர் 1939இல் வீட்டுப் பணியாளராக இங்கிலாந்து வந்து சேர்ந்தனர்.

இக்கடிதங்கள் மொழியியல் நோக்கில் கருதத்தக்கவை. மொழி இங்கு உயிர்காக்கும் கருவி. பெரியோரை இரங்கச் செய்யும் சொல் எது என்பதைச் சிறுமி கண்டறிகிறாள். கண்டறிந்ததற்காகக் கூச்சமும் கொள்கிறாள். செருமானியம் செகலிடம் அழியவில்லை. பின்னர் அவர் மார்கன்ஸ்டெர்னின் கவிதைகளையும் கிரிம் சகோதரரின் கதைகளையும் செருமானியத்திலிருந்து ஆங்கிலத்திற்கு மொழிபெயர்த்தார். எழுத்தின் மொழி ஆங்கிலமாயிற்று. செருமானியம் வீட்டிலும் மொழிபெயர்ப்பாளரின் மேசையிலும் தொடர்ந்தது. இங்கு நிகழ்ந்தது இழப்பன்று; இடமாற்றம். வயது அதற்கு ஒரு காரணம். பேசுவதற்குத் தாய் உடனிருந்தமை அதனினும் தலையாய காரணம் எனலாம்.

கேரன் கெர்ஷன் 1923இல் பீலஃபெல்டில் பிறந்தவர். 1938 டிசம்பரில் பதினைந்து வயதில் வந்தார். பெற்றோர் கொல்லப்பட்டனர். மொழி முழுமையாக அமைந்த வயது அது. தேய்வுக்கு வாய்ப்பு மிகக் குறைவு. எனினும் அவர் கவிதையின் மொழியாக ஆங்கிலத்தைக் கொண்டார். அவர் தொகுத்த ‘குழந்தைகளாய் வந்தோம்’ அத்தகைய பலரின் நினைவுக் கூற்றுகளைப் பெயர் சுட்டாமல் ஒருங்கிணைத்த கூட்டுத் தன்வரலாறு. தனிக்குரல்கள் பலவாக இருந்தும் ஒரே ஆங்கிலமாக நூல் ஒலிக்கிறது. அந்த ஒருமையே நூலின் வலிமையும் குறையுமாகும். ஐந்து வயதில் வந்தவரின் மறதியும் பதினாறு வயதில் வந்தவரின் விலக்கமும் அருகருகே நிற்கும்போது, இரண்டும் ஒன்றெனத் தோன்றும் இடர் அதில் உண்டு.

6. ‘மற’ என்னும் வினையும் மொழிபெயர்ப்பாளரும்

ஆங்கிலத்திலும் செருமானியத்திலும் ‘மறத்தல்’ வினை எழுவாயை மட்டும் வேண்டி நிற்கிறது. மறந்தவர் தாமே மறந்தாரா, அவருக்கு அது நேர்ந்ததா என்பதை வினைவடிவம் காட்டவேண்டியதில்லை. தமிழிலோ பின்வரும் வடிவங்களுள் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும்:

(அ) அவன் தன் மொழியை மறந்தான்.
(ஆ) அவன் தன் மொழியை மறந்துவிட்டான்.
(இ) அவனுக்குத் தன் மொழி மறந்துபோயிற்று.
(ஈ) அவனுக்கு அவன் மொழியை மறக்கடித்தார்கள்.
(உ) அவன் தன் மொழியை இழந்தான்.
(ஊ) அவன் தன் மொழியைத் துறந்தான்.

(ஆ)வில் ‘விடு’ என்னும் துணைவினை செயல் முற்றுப்பெற்றதைக் காட்டுவதோடு, இடம் நோக்கிக் குற்றச்சாட்டின் சாயலையும் ஏற்கும். ‘மறந்துவிட்டாயா?’ என்பது பெரும்பாலும் வினாவன்று, குறைகூறல். (இ)யில் மறந்தவர் நான்காம் வேற்றுமை ஏற்று, நிகழ்ச்சிக்கு உட்பட்டவராகிறார். ‘போ’ என்னும் துணைவினை அவர் விரும்பாத ஒன்று நேர்ந்ததை உணர்த்துகிறது. (ஈ) செய்தவரைத் தேடச் சொல்கிறது. (உ) உடைமையை அடிப்படையாகக் கொண்டது. (ஊ) விருப்புரிமையை முன்கொள்கிறது.

ஆஸ்டர்லிட்சின் நிலைக்கு (அ), (ஆ) இரண்டும் பொருந்தா. நாலரை வயதுக் குழந்தையை மறத்தலின் கருத்தாவாக்குவது அநீதி. (இ) பொருந்தும். ஆயினும் பெயர் மாற்றப்பட்டதும், எங்கிருந்து வந்தாய் என்று சொல்லப்படாததும், பேசுவதற்கு ஒருவரும் இல்லாமற்போனதும் (ஈ)யை வேண்டி நிற்கின்றன. (ஈ)யை எங்கும் ஆண்டால் வளர்ப்புப் பெற்றோர் கொடியவராகிவிடுவர். நாவல் அவ்வாறு கூறவில்லை. குழந்தைப்பருவத்தை நினைவுகூரும் பகுதிகளில் (இ)யையும், பெயர் மாற்றம் வெளிப்பட்டபின் வரும் பகுதிகளில் செய்தவரைச் சுட்டாத ‘மறக்கடிக்கப்பட்டது’ என்னும் செயப்பாட்டு வடிவையும் ஆள்வது ஒரு வழி. பாத்திரத்தின் அறிவு வளர்வதற்கேற்ப வினைவடிவமும் மாறும்.

கெர்ஷனுக்கு (ஊ)வே அண்மையானது. ஆயினும் தமிழில் ‘துறவு’ உயர்வுப் பொருள் ஏற்றது. உரிமையோடு ஒன்றை விடுபவரின் செயல் அது. பெற்றோரைக் கொன்றவர்களின் மொழியில் கவிதை எழுதாதவரைத் துறந்தவர் என்பது அவர் பட்ட நெருக்கடியை மறைக்கும். ‘அம்மொழியில் எழுதுவதை விட்டார்’ என்னும் எளிய தொடரே நேர்மையானது. செகலைப் பொறுத்தமட்டில் இவ்வாறில் எதுவும் பொருந்தாது. அவரது செருமானியம் ‘ஒதுங்கியது’ எனலாம்.

‘தாய்மொழி’ என்னும் சொல்லும் இங்குச் சோதனைக்கு உள்ளாகிறது. தமிழில் அச்சொல் ஏற்றுள்ள உணர்ச்சிப் பொருள் மிகுதி. தாயை இழந்த குழந்தையின் கதையில் அச்சொல் தோன்றும்போதெல்லாம், மூலத்தில் இல்லாத ஓர் அழுகை சேரும். செபால்டின் உரைநடையோ அழுகையைத் தவிர்ப்பது. ஆய்வுரையில் ‘முதன்மொழி’ போதும். புனைவில் ‘செக்’ என்று மொழியின் பெயரையே கூறிச் செல்வது பெரும்பாலான இடங்களில் தக்கது. தாயின் மொழி என்பதே பொருளாகும் இடத்தில் மட்டும் ‘தாய்மொழி’ வருமாயின் அதன் ஆற்றல் காக்கப்படும்.

7. கூற்றின் அடுக்குகள்

நாவலின் கூற்றுமுறையும் இவ்வினாவோடு தொடர்புடையது. வெரா கூறியதை ஆஸ்டர்லிட்ஸ் கூற, அதைக் கதைசொல்லி எழுதுகிறார். கூறினார் என்பதைக் குறிக்கும் சிறு தொடர்கள் இரண்டடுக்காகவும் மூன்றடுக்காகவும் வாக்கியத்தின் இடையே வந்துகொண்டே இருக்கின்றன. வெரா பேசியது செக் அல்லது பிரெஞ்சு; ஆஸ்டர்லிட்ஸ் கதைசொல்லியிடம் பேசியது பிரெஞ்சு அல்லது ஆங்கிலம்; வாசகர் கையில் இருப்பது செருமானியம். இழந்த மொழி ஒரு சில சொற்களும் தொடர்களும் நீங்கலாக நூலில் எங்கும் இல்லை. அதை மீட்டுவிட்டதாக நூல் உரிமை கொண்டாடவுமில்லை.

2001இலேயே வெளியான ஆன்தியா பெல்லின் ஆங்கில மொழிபெயர்ப்பு இவ்வடுக்குகளைப் பொறுமையோடு காத்துள்ளது. தமிழில் ‘என்று’ என்னும் இடைச்சொல்லும் வினைமுற்றும் வாக்கிய இறுதியில் குவியும் இயல்பின. ‘என்று வெரா கூறியதாக ஆஸ்டர்லிட்ஸ் கூறினார்’ என ஒவ்வொரு வாக்கியமும் முடியுமாயின் வாசகர் சோர்வர். ‘-ஆம்’ விகுதியை ஆண்டு ‘சென்றாராம்’, ‘அழுதாராம்’ என்றால், கேள்விச் செய்தி என்னும் பொருளோடு ஐயமும் ஏளனமும் கலந்துவிடக்கூடும். கதை கேட்கும் தொனியும் சேரும். வெராவின் சாட்சியம் ஐயத்துக்கு உரியதாக நாவலில் இல்லை. ‘என்றார் வெரா’ என்னும் முறைமாற்றுத் தொடரை வாக்கிய இடையில் நிறுத்துவது தமிழ் உரைநடைக்கு ஒவ்வாததன்று. அடுக்குகளை நீக்கி நேரடியாகக் கதை சொல்லும் மொழிபெயர்ப்பு படிக்க எளிதாகும். ஆனால் ஒரு குழந்தையின் வரலாறு பிறர் வாய்மொழியாலன்றி அக்குழந்தைக்கே கிடைக்கவில்லை என்னும் செய்தி அதில் மறைந்துபோகும்.

முன்னிலைச் சொல்லும் கருதத்தக்கது. கதவைத் திறந்த வெரா, தலை நரைத்த மனிதரை நெருக்கமான ஒருமை முன்னிலையில் விளிக்கிறார். வயது கருதித் தமிழில் ‘நீங்கள்’ என்று ஆளத் தோன்றலாம். ‘நீ’ என்பதே உரியது. ஆஸ்டர்லிட்ஸ் ‘நீங்கள்’ என்று விடையிறுக்க, வெரா ‘நீ’ என்று தொடர, இடையே கழிந்த ஐம்பதாண்டுகளை அவ்விரு சொற்களே அளந்து காட்டும்.

8. முடிவு

மூன்று நூல்களும் ஒரே வரலாற்று நிகழ்விலிருந்து எழுந்தவை. முதன்மொழியின் கதி மூன்றிலும் வேறு. ஆஸ்டர்லிட்சிடம் அது பேசுவதற்கு ஆளின்றி அடங்கியது. கெர்ஷனிடம் பேச விரும்பாமையால் ஒதுக்கப்பட்டது. செகலிடம் வீட்டளவில் சுருங்கி, மொழிபெயர்ப்பாய்த் திரும்பியது. பிரிந்த வயது, பட்ட துன்பம், உடன் பேச எஞ்சியவர் யார் என்பன இவ்வேறுபாட்டை நிருணயிக்கின்றன. இவற்றுள் மூன்றாவது காரணி, மொழித்தேய்வு ஆய்வில் மொழிப் பயன்பாட்டின் அளவாகச் சுருக்கப்படுகிறது. இலக்கியம் அதனை ஓர் ஆளாகக் காட்டுகிறது. செகலுக்கு அது தாய். ஆஸ்டர்லிட்சுக்கு ஐம்பதாண்டு தாமதமாக வெரா.

மொழிபெயர்ப்பாளருக்கு இதனால் எழும் கடமை தெளிவு. குழந்தை மொழியை மறந்தது என்று எழுதுமுன், அது மறந்ததா, அதற்கு மறந்துபோயிற்றா, மறக்கடிக்கப்பட்டதா என்று மூலத்தைக் கேட்டாக வேண்டும். மூலமொழி அவ்வினாவைக் கேளாமல் விட்டிருக்கலாம். தமிழின் வினையமைப்பு விடுவதில்லை. இன்றும் போர்கள் சிறாரை அயல்மொழி வீடுகளில் கொண்டு சேர்க்கின்றன. அவர்களைப் பற்றித் தமிழில் எழுதப்படுவனவும் பெயர்க்கப்படுவனவும், மொழியிழப்பின் பொறுப்பைக் குழந்தையின் தலையில் ஏற்றாத வினைமுற்றைத் தேர்ந்துகொள்ளுமாயின், அது இலக்கண நுட்பம் மட்டுமன்று. நடந்ததை நடந்தவாறு கூறும் நேர்மையுமாகும்.